அடுத்த போனை வரைவது யார்?

புதிய ஐபோன் கடைக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் படம் நம் கைக்கு வந்துவிடுகிறது. உறை செய்யும் கம்பனிகள் விற்பனை தொடங்கும் நாளிலேயே தமது சரக்கையும் கடையில் தொங்கவிட வேண்டும். அதற்காக அவை போனின் அளவுகளை முன்கூட்டியே எப்படியாவது பெற்றுக்கொள்கின்றன. அந்த அளவுகளை வைத்து எங்கோ ஒருவர் கணினியில் படம் வரைய, அது யூடியூப் வழியாக வவுனியாவின் பூவரசங்குளம் வரைக்கும் வந்து சேர்கிறது. அப்பிளின் மடிப்பு போன் பற்றி மிங்-சி குவோ என்ற ஆய்வாளர் 2025 மார்ச்சில் சொன்ன கணக்குகளைத்தான் இன்றும் பலர் திருப்பிச் சொல்கிறார்கள்: உள்ளே 7.8 அங்குலத் திரை, வெளியே 5.5 அங்குலத் திரை, விரித்தால் 5 மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பு, விலை 2,000 முதல் 2,500 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலே, வரி சேராமல் ஆறு இலட்சம் ரூபா. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபா. அந்தக் கணக்கில் அது ஐயாயிரம் கிலோ நெல்லின் விலை. உரம், எண்ணெய், வெட்டுக்கூலி எதையும் கழிக்காத கணக்கு இது.

இந்த ஊகங்களைக் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. 2010 இல் கலிபோர்னியாவின் ரெட்வுட் சிற்றியில் அப்பிள் ஊழியர் ஒருவர் மதுச்சாலையில் தவறவிட்ட மாதிரிப் போன் ஐபோன் 4 இன் தோற்றத்தை வெளியீட்டுக்கு முன்பே உலகுக்குக் காட்டிவிட்டது. ஐபோன் 17 புரோவின் முதுகில் கமராவுக்காக அகலமான மேடு ஒன்று வரப்போகிறது என்பது 2025 செப்டெம்பருக்கு வெகு முன்பே தெரிந்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில், தன் புதிய மென்பொருளின் தோற்றத்தை முன்கூட்டியே வெளியிட்டார் என்று யூடியூப் பதிவாளர் ஜோன் புரொசர் மீது அப்பிள் வழக்கே தொடுத்தது. கசிவில் உண்மை இல்லாவிட்டால் வழக்குக்கு என்ன தேவை? ஆனால் இந்தக் கசிவுகள் எல்லாம் விடை சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: போன் பார்க்க எப்படி இருக்கும்? அந்த வடிவம் ஏன் வந்தது, யாருடைய வாழ்க்கையை மனதில் வைத்து வந்தது, எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விகளை அவை தொடுவதில்லை. போனின் வடிவத்தை நிர்ணயிப்பதில் வடிவமைப்பாளரின் மேசைக்கு உள்ள அளவு பங்கு, கேட்கத் தெரிந்த பாவனையாளருக்கும் அவருக்காகச் சட்டம் எழுதும் சபைக்கும் உண்டு என்பதுதான் கடந்த பத்தாண்டு காட்டும் உண்மை. வன்னியில் இருக்கும் நாம் படத்தைப் பார்த்து ஊகிக்கும் இடத்திலேயே நின்றுவிடாமல், கேட்கும் இடத்துக்கு வர வேண்டும்.

முதற் சான்று நம் வீட்டுச் சுவரில் செருகியிருக்கிறது. 2012 இல் ஐபோன் 5 உடன் வந்த லைட்னிங் சார்ஜர் வாயை அப்பிள் பதினொரு ஆண்டு விடாமல் வைத்திருந்தது. 2019 இன் கடைசியில் குவோ, 2021 இல் வரும் உயர்விலை ஐபோனில் லைட்னிங் வாய் இருக்காது, முழுக்க வயரில்லாமலே சார்ஜ் ஏறும் என்று சொன்னார். அது நடக்கவில்லை. நடந்தது வேறு. 2022 ஒக்டோபரில் ஐரோப்பியப் பாராளுமன்றம் எல்லாப் போனுக்கும் ஒரே சார்ஜர் வாய் என்ற சட்டத்துக்கு வாக்களித்தது. புதுமையை இது முடக்கிவிடும் என்று அப்பிள் எதிர்த்து வந்தது. ஆயினும் சட்டம் கட்டாயமாவதற்கு ஓராண்டுக்கும் மேல் இருக்கும்போதே, 2023 செப்டெம்பரில் வந்த ஐபோன் 15 யூஎஸ்பி-சி வாயோடு வந்தது. 2024 டிசெம்பர் 28 முதல் ஐரோப்பாவில் அதுவே கட்டாயம். ஊகக்காரர்களில் மிகவும் பெயர்பெற்றவர் தவறிய இடத்தில், சட்டப் புத்தகத்தை வாசித்த யாரும் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சட்டத்தில் நமக்கு வாக்கு இருக்கவில்லை. இருந்தும் அதன் பலன் இங்கே வந்துவிட்டது. ஒரு வீட்டில் அப்பாவின் சம்சுங்குக்கும் மகளின் ஐபோனுக்கும் இனி ஒரே வயர் போதும்.

இப்போது ஊகங்களின் நடுவில் இருக்கும் தடிப்புக்கு வருவோம். 2025 மே மாதம் சம்சுங் 5.8 மில்லிமீற்றர் தடிப்பில் எஸ்25 எட்ஜ் போனை வெளியிட்டது. செப்டெம்பரில் அப்பிள் 5.6 மில்லிமீற்றரில் ஐபோன் எயாரைக் கொண்டுவந்தது. முன்னதின் பற்றரி 3,900 மில்லியம்பியர்-மணி, பின்னதின் பற்றரி ஏறக்குறைய 3,150. இதில் பாதி விலைகூட இல்லாத பல அன்ட்ரொயிட் போன்களில் 5,000 சாதாரணம். மெல்லிய உடம்புக்காக அவர்கள் விட்டுக்கொடுத்தது எதை என்று இந்த எண்கள் சொல்கின்றன. வந்து சில வாரங்களுக்குள்ளேயே ஐபோன் எயாரின் உற்பத்தி குறைக்கப்படுவதாகச் செய்திகள் வெளியாகின. பணமுள்ள சந்தைகளே மெலிவுக்கு முண்டியடிக்கவில்லை என்றால், மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத நாட்டில் அதற்கு என்ன வேலை? 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் இருண்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, கறண்ட் போன இடங்களில் கோபுரங்களும் செயலிழந்தன. அலைவரிசை மீண்டும் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் போனில் சார்ஜ் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் அப்போது கேள்வி. தடிப்பில் இரண்டு மில்லிமீற்றர் கூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெப்பத்தைப் பற்றிக் கசிவுகளில் பேச்சு குறைவு. தன் ஐபோனை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பாவிக்கும்படி அப்பிள் எழுத்திலேயே சொல்கிறது. பங்குனி, சித்திரையில் வவுனியாவில் நிழலிலேயே 35 பாகையைத் தொடும் நாட்கள் வழமையானவை. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும்போது வட மாகாணத்தின் பெயர் அதில் அடிக்கடி வருகிறது. அந்த வெயிலில் வயல் வரம்பில் நின்று உரக்கடைக்குப் பேசுகிறவரின் கையில், அல்லது மோட்டார் சைக்கிள் கைபிடியில் வழிகாட்ட மாட்டிய போனில், என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் திரையின் வெளிச்சம் தானாகக் குறைகிறது. வெயிலில் எழுத்துத் தெரிய அதிக வெளிச்சம் தேவைப்படும் வேளையில்தான் இது நடக்கிறது. பிறகு கமராவின் ஒளி அணைந்துவிடுகிறது. சார்ஜ் போட்டால் ஏற மறுக்கிறது. கடைசியில், போன் ஆறும்வரை பொறுக்கச் சொல்லி ஓர் அறிவித்தல் வருகிறது. ஒரு மணித்தியாலத்தில் ஆறிவிடுகிற பிரச்சினையும் இல்லை இது. லித்தியம்-அயன் பற்றரி சூட்டில் கிடந்தால் அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். உடம்பு மெலிய மெலியச் சூட்டைப் பரப்ப உள்ளே இடமும் குறையும். 2025 இல் அப்பிள் சூட்டைக் கடத்தும் ஆவி அறை ஒன்றைத் தன் போனுக்குள் வைத்தது. ஆனால் அதைப் பெற்றவை விலைகூடிய புரோ வரிசைப் போன்கள். குளிரூட்டி அறையில் இருப்பவர் வாங்குவதற்கு வெப்பத்தடுப்பு, வெயிலில் நிற்பவர் வாங்குவதற்கு அது கிடையாது. இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

மடிப்பு போனுக்கு வன்னியில் உள்ள எதிரி புழுதி. 2019 ஏப்ரலில் வரவிருந்த சம்சுங்கின் முதல் மடிப்பு போன், சோதிக்கப் பெற்றவர்களின் கைகளிலேயே பழுதாகிச் செப்டெம்பருக்குத் தள்ளிப்போனது. பிணைச்சலின் ஓரத்து இடைவெளியால் துகள்கள் திரைக்கு அடியில் போனதும் அதற்கு ஒரு காரணம். 2024 இல் வந்த ஆறாம் தலைமுறைப் போன்தான் ஐபி48 என்ற தரத்தை எட்டியது. இந்தத் தரத்தில் முதல் இலக்கம் தூசியைப் பற்றியது. 4 என்றால் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துகளை மட்டும் தடுக்கும் என்று அர்த்தம். கிரவல் வீதியில் ஒரு ரிப்பர் போனபின் சட்டைப் பையில் படியும் செம்புழுதி அதைவிட எத்தனையோ மடங்கு சிறியது. முழுத் தூசித்தடுப்புக்கான 6 ஐ மடிப்பு போன் ஒன்றில் முதலில் கொண்டுவந்தது 2025 இல் கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்ட். ஆகவே முடியாத காரியம் என்று எதுவும் இல்லை. வேண்டும் என்று கேட்டு ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதேவேளை மடிப்பு போனை ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளவும் நான் விரும்பவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் இருந்த ஒரே கணினி ஒரு போன்தான். ஏ4 தாளில் அச்சான கடந்தகால வினாத்தாளை உள்ளங்கை அளவுத் திரையில் பெருப்பித்து, நகர்த்தி, வரி வரியாக வாசித்தார்கள். சட்டைப் பையில் அடங்கி, விரித்தால் கொப்பி அளவுக்கு வரும் திரை அவர்களுக்கு உண்மையாகவே உதவும். புழுதிக்கும் விலைக்கும் விடை வந்தால் அதை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் இங்குள்ள மாணவர்கள்.

நம்மைப் போன்றவர்களின் வாழ்க்கையை மனதில் வைத்துப் போன் வரைந்த காலம் ஒன்று இருந்ததே. 2003 இல் நொக்கியா வெளியிட்ட 1100 ஐப் பலருக்கு நினைவிருக்கும். தூசி புகாதபடி பொத்தான்களுக்கு மேல் ஒரே துண்டு றப்பர். வியர்த்த கையில் வழுக்காத பக்கங்கள். உச்சியில் ஒரு சின்ன ரோர்ச் லைற். நகத்தால் திறந்து பற்றரியை மாற்றலாம். வளரும் நாடுகளை நோக்கி வடிவமைத்த அந்தப் போன் 25 கோடிக்கும் மேல் விற்று, உலகில் மிக அதிகம் விற்ற போன்களின் வரிசையில் முன்னணியில் நிற்கிறது. அதன் ஒவ்வோர் அம்சமும் ஒரு பாவனையாளரின் நாளைப் பார்த்து எடுத்த முடிவு. பின்னர் அதே வழியில் போனது சீனாவின் ட்ரான்சன். ஆபிரிக்காவில் ஆளுக்கு இரண்டு சிம் இருப்பதைக் கண்டு இரட்டைச் சிம் போன்களையும், மின்சாரம் குறைந்த ஊர்களுக்காகப் பெரிய பற்றரியையும், கறுத்த முகம் படத்தில் இருண்டுபோகாதபடி சீர்செய்த கமராவையும் கொடுத்து, டெக்னோ, ஐடெல் என்ற பெயர்களில் அந்தக் கண்டத்தின் முதன்மை விற்பனையாளராகியது. நம் தோல் நிறத்துக்கும் அந்தக் கமராத் திருத்தம் தேவை என்பதை ஒரு கலியாண வீட்டுப் படத்தைப் பார்த்தாலே சொல்லலாம். தமிழ்க் கைகளுக்கும் இந்தத் தொழில் புதிதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நொக்கியா தொழிற்சாலை இயங்கியது. இன்று அதே வட்டாரத்தில் ஃபொக்ஸ்கொன் ஐபோனைப் பொருத்துகிறது. பொருத்துகிறவர்களும் பாவிக்கிறவர்களும் இங்கே இருக்க, வரைகிற மேசையில் மட்டும் இந்த மண்ணின் வெயிலும் புழுதியும் இல்லை.

இனி வரும் போனில் நமக்கு மிக நெருக்கமான மாற்றம் பற்றரியில்தான் வரப்போகிறது. இன்றைய போன் ஒன்றின் பற்றரியை மாற்ற, கடைக்காரர் முதலில் அதன் ஓரத்தைச் சூடாக்கிப் பசையை இளக்குகிறார். மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டைச் செருகி, கண்ணாடி வெடிக்காமல் சுற்றிவர அறுத்துத் திறக்கிறார். உள்ளே பற்றரியும் பசையால் ஒட்டியிருக்கிறது. அதை நெம்பும்போது வளைந்தால் தீப்பிடிக்கவும் கூடும். திருப்பி ஒட்டியபின் பழைய நீர்த்தடுப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டுப் பற்றரிச் சட்டம், 2027 பெப்ரவரி 18 முதல் இந்த நிலையை மாற்றச் சொல்கிறது. சூடோ கரைப்பானோ இல்லாமல், கடையில் வாங்கக்கூடிய சாதாரண கருவிகளால் பாவனையாளரே கழற்றக்கூடியதாகப் பற்றரி இருக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. இதன் சாயல் ஏற்கெனவே போனுக்குள் தெரிகிறது. 2024 இல் வந்த ஐபோன் 16 இல் பற்றரியைப் பிடித்திருக்கும் பசை, 9 வோல்ற் மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் கொடுத்தால் தானாக விட்டுவிடும். இதனுடன் 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த வேறு விதிகளும் சேர்கின்றன: 800 தடவை முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பின்னும் பற்றரி 80 வீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும், விற்பனை நின்றபின் ஏழு ஆண்டுக்கு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும், ஐந்து ஆண்டுக்காவது மென்பொருள் மேம்படுத்தல் வர வேண்டும், 45 தடவை கீழே விழுந்தும் போன் இயங்க வேண்டும். ஒரு தளர்வையும் சொல்லியாக வேண்டும். நீருக்கும் தூசிக்கும் தாங்கி, 1,000 தடவை சார்ஜ் ஏறிய பின்னும் 80 வீதம் காட்டும் பற்றரி என்றால் பாவனையாளரே கழற்றும் வசதி கட்டாயமில்லை. விலைகூடிய போன்கள் இந்த வாசலால் நழுவலாம். நழுவினாலும் நீண்டு உழைக்கும் பற்றரியைக் கொடுத்துத்தான் நழுவ முடியும்.

மூடியைத் திறக்கும்படி வைத்தால் தண்ணீர் புகுந்துவிடும், அதனால்தான் ஒட்டுகிறோம் என்று கம்பனிகள் நெடுங்காலம் சொல்லி வந்தன. 2014 இல் சம்சுங்கே விற்ற கலக்சி எஸ்5 க்குக் கழற்றும் முதுகும் இருந்தது, ஐபி67 நீர்த்தடுப்பும் இருந்தது. அதே கம்பனி 2024 இல் விற்ற எக்ஸ்கவர் 7 இல் கழற்றும் பற்றரியும் ஐபி68 தரமும் ஒன்றாக உள்ளன. அந்தப் போனைக் களத்தில் வேலை செய்வோருக்கு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அப்படியானால் வயல் எந்தக் களம்? சில மில்லிமீற்றர் தடிப்பும் சில கிராம் பாரமும் கூடும் என்பது உண்மை. அதை ஏற்பதா இல்லையா என்று சொல்லும் உரிமை வாங்குகிறவருக்கு இருக்க வேண்டும்.

சந்தை கேட்பதைத்தான் கம்பனி செய்யும், 2 கோடி 17 இலட்சம் பேர் உள்ள இலங்கையை யார் பொருட்படுத்துவார் என்பது அடுத்த மறுப்பு. அதில் பாதி உண்மை. தனியே நாம் எந்தப் போனின் வடிவத்தையும் மாற்றிவிட முடியாது. ஆனால் 45 கோடி மக்களுள்ள ஐரோப்பிய ஒன்றியத்துக்காக மாற்றிய அச்சை மற்ற நாடுகளுக்காக மீண்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. யூஎஸ்பி-சி கொழும்புக்கு வந்தது அப்படித்தான். வன்னிக்கு இன்னொரு வழியும் உண்டு. பாரிஸில் இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பாவித்த போன், ஐரோப்பியச் சட்டத்துக்குட்பட்ட போன். அங்கே இரண்டு ஆண்டு உழைத்துவிட்டு இங்கே வரும் அந்தப் போனுக்குப் புதிய பற்றரி இலகுவில் கிடைத்து, மேலும் மூன்று ஆண்டு மென்பொருளும் வந்தால், அது ஒரு பிள்ளையின் உயர்தரப் படிப்பு முடியும்வரை தாங்கும். ஐரோப்பாவில் விற்காத மலிவு மாதிரிகளுக்கு இந்தக் காப்பு இல்லை. நம் ஊரில் அதிகம் விற்பவற்றில் அவையும் அடங்கும். சட்டத்தின் தேவை இங்கேயும் இருப்பது அதனால்தான்.

இவற்றைவிட என்னை யோசிக்கவைப்பது ஒரு மனத்தாங்கல். பற்றரி, புழுதி, ரோர்ச் லைற் என்று பேசிப் பேசி, வன்னிப் பிள்ளைக்கு மொத்தமான போன் போதும், மெல்லியதும் அழகானதும் கொழும்புக்கு என்று சொல்லவருகிறீர்களா என்று ஓர் இளைஞர் கேட்டால் அந்தக் கோபம் நியாயமானது. 2009 இல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் மாதக்கணக்கில் இருந்த குடும்பங்களுக்கு, இன்று கையில் ஓர் அழகான பொருளை வைத்திருக்கும் ஆசையைப் பிழை என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. நான் கேட்பது அழகு குறைந்த போனை இல்லை. அழகானது உழைக்கவும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். தவணைக்கு வாங்கிய போனின் பற்றரி, தவணை முடியுமுன்பே நாளில் இரண்டு தரம் சார்ஜ் கேட்கிறது என்றால், அந்த அழகு வாங்கியவரை ஏமாற்றிவிட்டது.

செய்யக்கூடியவை நம் கைக்கு எட்டிய தூரத்தில் உள்ளன. இலங்கையில் விற்கும் போன்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, அலைவரிசையைச் சோதிப்பதோடு நிற்காமல், உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், மென்பொருள் எத்தனை ஆண்டு வரும் என்பதையும் பெட்டியில் மூன்று மொழியிலும் அச்சிடச் சொல்லலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் இதில் கடமை உண்டு. பூவரசங்குளத்திலிருந்து சிறு தூரத்தில், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் சித்திரை வெயிலில் எந்தப் போன் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று அளந்து வெளியிட அங்குள்ள மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? வெளிநாட்டு யூடியூப் பதிவாளர் குளிரூட்டி அறையில் செய்யும் மதிப்பீடு நமக்குச் சொல்லாததை அந்த ஓர் அளவீடு சொல்லும்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு போனுக்கும் 2025 ஜூன் முதல் ஒரு சிட்டை கட்டாயம். பற்றரி எத்தனை தடவை சார்ஜ் தாங்கும், விழுந்தால் எந்த வகுப்பு, திருத்துவதற்கு ஏ முதல் ஈ வரை எந்த வகுப்பு, தூசிக்கும் நீருக்கும் எந்தத் தரம் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த போனை வாங்கப் போகுமுன், அதே மாதிரியின் ஐரோப்பியச் சிட்டையை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். கடையில் கமராவை விசாரிக்குமுன் பற்றரி மாற்ற எவ்வளவு செலவாகும், அந்தப் பற்றரி வவுனியாவில் கிடைக்குமா என்று கேளுங்கள். விடை திருப்தியில்லை என்றால் வேறு போனைக் காட்டச் சொல்லுங்கள்.